ஓதம் ஏறும் தரையில் டைல்ஸ் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது எல்லோரும் சொல்லும் யோசனை, "தரை பொரிஞ்சு போச்சு, அதுக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டிடலாம்" என்பதுதான். பொரிந்ததற்குக் காரணம் ஓதம் என்றால், தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் இதுவரை தரை முழுக்கப் பரவி, கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துகொண்டிருந்தது. விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை அனேகமாக உறிஞ்சுவதே இல்லை. அதைப் போட்டு மூடியதும் ஈரம் டைல்ஸ் இடுக்குகள் வழியாகவும் சுவரின் அடி வழியாகவும்தான் வெளியேற வேண்டும். ஒரு மழைக்காலம் போனதும் இடுக்குகளில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதுவரை நன்றாக இருந்த சுவரில், ஸ்கர்ட்டிங்குக்கு (சுவரின் அடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டைக்கு) மேலே பெயின்ட் உதிர ஆரம்பிக்கும்.

சித்திரை வெயிலில் தரையைத் தொட்டுப் பார்த்து "காஞ்சுதான் இருக்கு" என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகுதான் நிலத்தடி நீர் மேலே வரும். அப்போது பார்த்துக்கொண்டு, வேலையைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்குச் செலவே இல்லை. இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் ஷீட்டைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விடுங்கள். பிரிக்கும்போது ஷீட்டின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் இருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் கீழேயிருந்து வருகிறது. மேல்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றிலுள்ள ஈரம். அறைக்கு ஓரிடம் போதாது. நடுவிலும் சுவரோரத்திலும் ஒட்டிப் பாருங்கள்.

ஓதம்போல் தெரிவதெல்லாம் ஓதமும் இல்லை. பாத்ரூம் பக்கத்துச் சுவர் மட்டும் ஈரமாக இருந்தால் முதலில் குழாய்க் கசிவைத்தான் சந்தேகப்பட வேண்டும். சம்ப் ஒட்டிய சுவர் என்றால் சம்பையும் பாருங்கள். இரவில் மோட்டாரையும் குழாய்களையும் மூடிவிட்டு, சம்பிலும் மேல்தொட்டியிலும் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவைத்தால் காலையில் தெரிந்துவிடும்.

வெளியேயும் ஒரு சுற்று வாருங்கள். சென்னையில் தெருவுக்குத் தெரு இதுதான் கதை: பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டு, வீடு பள்ளத்தில் நிற்கும். வெளிமண் உள்தரையைவிட உயரமாக இருந்தால் உள்ளே எந்த ரசாயனம் பூசினாலும் வீண். சுற்றிலும் மண்ணை இறக்கி, மழைத்தண்ணீர் வெளியே ஓட வழி செய்வதுதான் முதல் வேலை.

அப்புறம், ஈரம் மேலே ஏறாமல் தடுக்கத் தரைக்கு அடியில் போடும் ஷீட். பழைய தரையை உடைத்து, மண்ணைக் கெட்டித்து, மணல் பரப்பி, அதன்மேல் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட் விரித்து கான்கிரீட் போடுவது நம்பகமான முறை. இங்கே கெடுவது சின்னச் சின்ன விஷயத்தில்தான். மணல் இல்லாமல் ஜல்லிமேல் விரித்தால் ஷீட் கிழியும். இரண்டு ஷீட் சேரும் இடத்தில் அரையடியாவது ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி டேப் ஒட்ட வேண்டும். ஓரத்தைச் சுவரில் தரைமட்டம் வரை மடித்து ஏற்றாவிட்டால் அந்த இடைவெளியே ஈரத்துக்கு வழி. கான்கிரீட் ஊற்றும் நேரத்தில் கூடவே நின்று பாருங்கள்; மூடிய பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்கு சிமென்ட் பூச்சு பூசுவதும் தவறு. சுவர் மூச்சுவிட முடியாமல், ஈரம் பூச்சைத் தாண்டி இன்னும் உயரத்துக்கு ஏறும். உப்பேறிய பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சுண்ணாம்பிலேயே பூசுங்கள்.

புதுக் கான்கிரீட்டிலும் தண்ணீர் இருக்கிறது. அது காய வாரக்கணக்கில் ஆகும். அவசரப்படுத்தினால் நீங்களே ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். அதே ஷீட் சோதனையை மறுபடி செய்து பார்த்துவிட்டு டைல்ஸ்காரரை வரச் சொல்லுங்கள். நாலு மூலையில் மட்டும் கலவை வைத்து ஒட்ட விடாதீர்கள், அடி முழுக்க நிரம்ப வேண்டும். சுவரில் ஈரம் மிச்சமிருந்தால் ஸ்கர்ட்டிங்கை மட்டும் ஒரு மழைக்காலம் கழித்து ஒட்டிக்கொள்ளலாம்.