பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை காலைகளில் தடாகத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில் நிற்கும் இளம் பயிற்றுநர்களையும் பெற்றோரையும் பார்க்கும்போது, பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் செய்த தவறுகளையே மீண்டும் காண்கிறேன். ஈரத் தரையில் ஓடாதே என்பது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

கையில் மாட்டும் காற்றுப்பை

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. காற்றுப்பை மாட்டிய பிள்ளை, தலை நிமிர்ந்து, கால்கள் கீழே தொங்க, நீரில் நின்றபடி சைக்கிள் மிதிப்பது போல உதைக்கிறது. நீந்துவதற்கு உடல் கிடையாகவும் முகம் நீருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பதால், பிறகு மறக்கடிக்க வேண்டிய ஒரு பழக்கத்தையே நாம் மாதக்கணக்கில் ஊட்டுகிறோம். அதைவிட மோசமானது, தண்ணீர் தன்னைத் தானாகவே தாங்கும் என்று பிள்ளை நம்பிவிடுவது.

என் மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது நானே அவற்றை வாங்கி மாட்டினேன். ஒரு மாலை அவற்றைக் கழற்றிவிட்டு, வாங்கில் இருந்த பைக்குள் துவாயை மடித்து வைக்கக் குனிந்த நேரத்தில், அவள் திரும்பி நடந்து போய், வழக்கம்போலத் தடாகத்துக்குள் கால் வைத்துவிட்டாள். கூச்சல் எதுவும் கேட்கவில்லை. நான் நிமிர்ந்தபோது அவளுடைய தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் நீர்மட்டத்தில் திறந்து திறந்து அமிழ்ந்தது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் நீரைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தன. அருகில் இருந்த ஒரு தாய், பிள்ளை விளையாடுகிறது என்றே நினைத்திருந்தார். மூச்செடுக்கவே அவகாசமில்லாத வாயால் உதவி கேட்டு அழைக்க முடியாது. மூழ்குதல் பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமலேயே நடக்கிறது. சட்டையோடு குதித்து அவளைத் தூக்கினேன்.

அதன் பின்னர் நான் பழக்குவது வேறு முறை. பிள்ளையின் முதுகின் கீழ் உள்ளங்கையை வைத்து, காதுகள் நீருக்குள் இருக்க, கூரையைப் பார்க்கச் சொல்லி, கையைச் சிறிது சிறிதாக விலக்குவேன். தவறி விழுந்தால் மல்லாந்து மிதந்து, மூச்செடுத்து, சுவரைப் பிடிக்கத் தெரிந்த பிறகுதான் மற்றவை.

பட்டர்ஃபிளைக்கு அவசரப்படுதல்

இரண்டு கைகளையும் ஒன்றாக வீசி நீந்தும் அந்த முறை, மிதக்கத் தெரியாத பிள்ளைக்கு வேண்டாம்.

தடாகத்தை நம்பிக் கடலில் இறங்குதல்

இருபத்தைந்து மீற்றர் நீந்தியதற்குக் கிடைத்த சான்றிதழ் கொழும்பை அடுத்த கல்கிசைக் கடலுக்குச் செல்லாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும்போது வெள்ளவத்தைக் கரையில் நன்றாக நீந்தும் பெரியவர்களே இறங்கக்கூடாது. ஆனால் பாடசாலை விடுமுறையும் ஓகஸ்டில்தான் வந்து சேர்கிறது. கடலை நோக்கி நீரோட்டம் இழுத்தால் அதை எதிர்த்து நீந்தாமல், மிதந்தபடி கையை உயர்த்தவும், முடிந்தால் கரைக்கு இணையாக விலகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கைத்தொலைபேசி

பைக்குள் வையுங்கள்.

பெண் பிள்ளைகளை நிறுத்திவிடுதல்

பதினொரு, பன்னிரண்டு வயதானதும் நம் வீடுகளில் பெண் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு நின்றுவிடுகிறது. உடையே தடை என்றால் முழுக்கை நீச்சலுடை கிடைக்கிறது. பெண்களுக்கென்று தனி நேரம் உண்டா என்றும் கேட்டுப்பார்க்கலாம்.

காப்பாற்றக் குதித்தல்

நண்பன் மூழ்கினால் பின்னால் குதிக்கக்கூடாது என்பதைப் பிள்ளைகள் நீச்சலோடு சேர்த்தே பழக வேண்டும். பெரியவர்களைக் கூவி அழைத்து, மூடி இறுக்கிய வெற்றுத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எறிய வேண்டும். ஐந்து லீற்றர் போத்தல் ஒரு பிள்ளையின் தலையை நீருக்கு மேல் வைத்திருக்கப் போதும். என் வகுப்பில் மாதம் ஒருமுறை அதை எறிந்து பழகுகிறார்கள்.