தானே மீண்டு எழும் லினக்ஸ் சர்வரை அமைப்பது எப்படி?

நள்ளிரவில் மின்சாரம் போய் வந்தாலும், ஏதோவொரு நிரல் நினைவகம் போதாமல் நின்றாலும், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலே நிலைகுலைந்தாலும், யாரும் அருகில் வந்து பொத்தானை அழுத்தாமலேயே ஒரு சர்வர் தன் வேலைக்குத் திரும்ப வேண்டுமானால், அதற்கான ஏற்பாடுகளை மின்சாரத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி அடுக்கடுக்காகச் செய்ய வேண்டும். மேலே ஓடும் நிரலுக்கு மட்டும் காவல் வைத்துவிட்டு, அதைத் தாங்கி நிற்கும் அடுக்குகளைக் கவனிக்காமல் விடுவதே பலர் செய்யும் தவறு. இங்கே சொல்லப்படுபவை, பின்னணியில் ஓடும் நிரல்களை, அதாவது சேவைகளை, தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி கொண்டு இயங்கும் டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் ஓடும் தனிச் சர்வர் ஒன்றுக்குப் பொருந்தும்.

முதல் அடுக்கு பயாஸ், அதாவது கணினியின் போர்டில் பதிந்துள்ள தொடக்க மென்பொருள். மின்சாரம் திரும்பும்போது என்ன செய்வது என்பதற்குப் பெரும்பாலான போர்டுகளில் மூன்று தெரிவுகள் உண்டு: அணைந்தே இருப்பது, முன்பிருந்த நிலைக்குத் திரும்புவது, எப்படியிருந்தாலும் இயங்கத் தொடங்குவது. இரண்டாவதுதான் சரி என்று தோன்றும். ஆனால், பேட்டரி தீரப்போவதை யூபிஎஸ் சொல்லக் கேட்டுச் சர்வர் தன்னை முறையாக அணைத்துக்கொண்டிருந்தால், முன்பிருந்த நிலை என்பது அணைந்த நிலையாகிவிடும். மின்சாரம் வந்த பிறகும் அது எழாது. ஆகவே மூன்றாவதையே தேர்ந்தெடுங்கள். அதோடு, சர்வர் அணைந்த பின் யூபிஎஸ் தன் வெளியீட்டையும் துண்டித்து, மின்சாரம் வந்ததும் மறுபடி கொடுக்கும்படி அமையுங்கள். நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் இதற்கு வழி இருக்கிறது. இதைச் செய்யாவிட்டால், சர்வர் அணைந்துகொண்டிருக்கும் ஓரிரு நிமிடங்களுக்குள் மின்சாரம் வந்துவிடும்போது, மின்தடை ஏற்பட்டதே போர்டுக்குத் தெரியாமல் போய், யாராவது வரும் வரை அணைந்தே கிடக்கும்.

அடுத்தது பூட் ஆகும் கட்டம். பூட்டின்போது இணைக்க வேண்டிய டிஸ்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதப்பட்ட கூடுதல் டிஸ்க் ஒன்று பழுதாகிக் காணாமல் போனால், சிஸ்டம்டி அதற்காக இயல்பாக 90 வினாடி காத்திருந்துவிட்டு, அவசரநிலைக்குச் சென்று கீபோர்டுக்கு முன் ஒரு மனிதரை எதிர்பார்த்து நின்றுவிடும். தொலைவிலிருந்து இணைய உதவும் எஸ்எஸ்எச் வழியாகக்கூட உள்ளே நுழைய முடியாது. இயங்குதளம் இல்லாத, தரவு மட்டும் உள்ள டிஸ்குகளின் வரியில் ‘நோஃபெயில்’ என்று சேர்த்தால் பூட் தொடரும். இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது: டிஸ்க் இணையாத நிலையில் தரவுத்தளம் தொடங்கிவிட்டால், அது வெற்று அடைவில் புதிதாக எழுதத் தொடங்கலாம். அந்தச் சேவையை எப்படி நடத்துவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் யூனிட் கோப்பில் ‘ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்’ என்ற வரியில் அந்த அடைவைக் குறிப்பிட்டால், டிஸ்க் இணையாவிட்டால் சேவை தொடங்காது.

கர்னலுக்குச் சிறிய வேலைதான். ‘கர்னல் பேனிக்’ என்ற சிஸ்கன்ட்ரோல் (கர்னல் அமைப்பு) மதிப்பு பொதுவாக 0 ஆக இருக்கும்; அதாவது, நிலைகுலைந்தால் அப்படியே நின்றுவிடும். அதை 10 ஆக்கினால் 10 வினாடி கழித்துத் தானே ரீபூட் ஆகும். ‘பேனிக் ஆன் ஊப்ஸ்’ என்பதை 1 ஆக்குவதும் நல்லது; கர்னலுக்குள் நேரும் ‘ஊப்ஸ்’ என்ற பிழையையும் அது நிலைகுலைவாகவே கொள்ளும்.

இனிச் சேவைகள். ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட்’ என்று கையால் தொடங்கிய சேவை ரீபூட்டுக்குப் பின் எழாது. பூட்டின்போது தானே தொடங்கும்படி ‘எனேபிள்’ செய்யப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பிறகு யூனிட் கோப்பில் ‘ரீஸ்டார்ட்’ என்பதற்கு ‘ஆல்வேஸ்’ என்று கொடுங்கள். ‘ஆன் ஃபெயிலியர்’ என்று கொடுத்தால், நிரல் ஏதோ காரணத்தால் 0 என்ற குறியீட்டோடு ஒழுங்காக வெளியேறும்போது சிஸ்டம்டி அதை மீண்டும் எழுப்பாது. நாமே நிறுத்தச் சொன்னால் ‘ஆல்வேஸ்’ குறுக்கே நிற்காது என்பதால் தயங்க வேண்டியதில்லை.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. மறுதொடக்கங்களுக்கு இடையே சிஸ்டம்டி இயல்பாக 100 மில்லிவினாடி மட்டுமே காத்திருக்கும். 10 வினாடிக்குள் 5 முறை தொடங்கியும் நிலைக்கவில்லை என்றால் முயற்சியையே கைவிட்டுவிடும். தரவுத்தளம் எழ அரை நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தேடும் இணையச் சேவை, தொடங்கிய உடனே விழும் இயல்புடையதாக இருந்தால், சில வினாடிகளில் ஐந்து வாய்ப்பையும் தீர்த்துவிட்டுத் தோல்வி நிலையில் தங்கிவிடும். பின்னர் தரவுத்தளம் தயாரானாலும் பயனில்லை. அந்தக் காத்திருப்பைக் குறிக்கும் ‘ரீஸ்டார்ட்செக்’ என்பதை 5 வினாடியாக வைத்தால், 10 வினாடிக்குள் இரண்டு மூன்று முயற்சிக்கு மேல் நடக்காது. வரம்பைத் தொடாமல் முயற்சி தொடரும். ஒரு வரி மாற்றத்தில் கிடைக்கும் பலன் இது. வரம்பைத் தாண்டினால் இயந்திரத்தையே ரீபூட் செய்யும் வசதியும் சிஸ்டம்டியில் உண்டு. ஆனால், கோளாறு அமைப்புக் கோப்பில் இருந்தால் சர்வர் முடிவில்லாமல் ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கும் என்பதால், அதை நான் பரிந்துரைப்பதில்லை.

செத்த நிரலை எழுப்புவது எளிது. உயிரோடு இருப்பதாகக் காட்டிக்கொண்டு பதில் சொல்லாமல் உறைந்துபோன நிரலே உண்மையான சவால். பிராசஸ் பட்டியலில் அது இருக்கும், போர்ட்டும் திறந்திருக்கும், வேலை மட்டும் நடக்காது. இதற்கு ‘வாட்ச்டாக்செக்’ என்பதை 30 என்று அமைத்து, நிரல் ஏறத்தாழ 15 வினாடிக்கு ஒருமுறை தான் நலம் என்று சிஸ்டம்டிக்குச் செய்தி அனுப்புமாறு எழுத வேண்டும். செய்தி நின்றால் சிஸ்டம்டி அதைக் கொன்று மீண்டும் தொடங்கும். அந்தச் செய்தியைத் தனித் திரெட் (நிரலுக்குள் தனியே ஓடும் இழை) ஒன்றிலிருந்து அனுப்பாதீர்கள். வேலை செய்யும் முக்கியச் சுழற்சி முடங்கிய பிறகும் அந்தத் திரெட் நலம் நலம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

நிரலின் மூலத்தில் கை வைக்க முடியாவிட்டால், நிமிடத்துக்கு ஒருமுறை கர்ல் என்ற கட்டளை கொண்டு ஒரு பக்கத்தைக் கேட்டு, தொடர்ந்து மூன்று முறை 10 வினாடிக்குள் பதில் வராதபோது சேவையை மறுதொடக்கம் செய்யும் சிறு ஸ்கிரிப்ட் போதும். அந்தப் பக்கம் இந்த நிரலின் நலத்தை மட்டும் சோதிக்கட்டும். வேறு இயந்திரத்தில் உள்ள தரவுத்தளம் விழுந்ததற்காக நலமாக இருக்கும் இணையச் சேவையைத் திரும்பத் திரும்பக் கொல்வதில் அர்த்தமில்லை.

சேவைகளைச் சிஸ்டம்டி காக்கிறது என்றால், சிஸ்டம்டியே உறைந்தால் யார் காப்பது? அதற்குத்தான் வன்பொருள் வாட்ச்டாக், அதாவது இயந்திரத்தைக் கண்காணிக்கும் சில்லு. பல சர்வர் போர்டுகளிலும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலும் இது உள்ளமைந்தே வருகிறது. சிஸ்டம்டியின் முதன்மை அமைப்புக் கோப்பில் ‘ரன்டைம்வாட்ச்டாக்செக்’ என்பதற்கு மதிப்புக் கொடுத்தால், சிஸ்டம்டி அந்தச் சில்லைத் தட்டிக்கொண்டே இருக்கும். தட்டல் நின்றால் சில்லு மின்னணு அளவிலேயே இயந்திரத்தை ரீசெட் செய்யும். ராஸ்பெரி பையின் சில்லு ஏறத்தாழ 15 வினாடிக்கு மேல் எண்ணாது என்பதால், அங்கே 10 என்று வைப்பது பாதுகாப்பு. ‘சாஃப்ட்டாக்’ என்ற மென்பொருள் மாற்று கர்னலுக்குள்ளேயே ஓடுவது. கர்னல் முழுதும் உறைந்தால் அதுவும் சேர்ந்தே உறையும்.

சோதித்துப் பார்க்காத ஏற்பாட்டை நம்பக் கூடாது. காப்புப் பிரதி எடுத்த பின், பயனர் இல்லாத நேரத்தில் ஒவ்வோர் அடுக்காக உடைத்துப் பாருங்கள். சேவைக்குக் ‘கில்’ கட்டளையில், உடனே கொல்லும் சமிக்ஞையான 9 அனுப்புங்கள்; ‘ஸ்டாப்’ சமிக்ஞை அனுப்பி உறையவைத்து வாட்ச்டாக் விழிக்கிறதா என்று பாருங்கள்; எழுதக் காத்திருக்கும் தரவை டிஸ்கில் சேர்க்கும் ‘சின்க்’ செய்துவிட்டு, கர்னலுக்கு நேரடியாக ஆணையிடும் சிஸ்ரிக்யூ தூண்டிக் கோப்பில் ‘சி’ என்று எழுதிக் கர்னலை வீழ்த்துங்கள்; கடைசியாக யூபிஎஸ்ஸின் சுவர் பிளக்கைப் பிடுங்கிப் பேட்டரி தீரும் வரை விடுங்கள்.

ரீபூட்டுக்கு முன் நடந்தது அழியாமலிருக்க சிஸ்டம்டியின் லாக் தொகுப்பான ஜர்னல் டிஸ்கில் சேமிக்கப்படுவதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளைக்குக் கழித்தல் பி, கழித்தல் 1 என்று கொடுத்தால் முந்தைய பூட்டின் லாக் கிடைக்கும். யூனிட் கோப்பில் ‘ஆன்ஃபெயிலியர்’ என்ற தனி வரியில் (மேலே ‘ரீஸ்டார்ட்’ என்பதற்குச் சொன்ன மதிப்பு வேறு) அஞ்சல் அனுப்பும் யூனிட்டைக் கட்டினாலும், சேவை வரம்பைத் தாண்டித் தோற்றால் மட்டுமே அது பொதுவாக இயங்கும். ஒவ்வொரு மறுதொடக்கத்துக்கும் இயங்காது. ஆகவே ‘என்ரீஸ்டார்ட்ஸ்’ என்ற மறுதொடக்க எண்ணிக்கையை ‘சிஸ்டம்சிடிஎல் ஷோ’ கொண்டு அன்றாடம் எடுத்து, முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் உங்களுக்கு அஞ்சல் வரும்படி ஒரு டைமர் வையுங்கள். வாரக்கணக்கில் மணிக்கொரு முறை விழுந்து எழும் சேவை அப்போதுதான் உங்கள் கண்ணில் படும்.