ஃப்ளாஷ் ஸ்கிரிப்ட்: புதுச்சேரியில் ஓடும், கடலூரில் ஓடாது

கடலூர்ப் பக்கம் ஓர் இறால் குட்டைக்கு, தண்ணீரின் சூட்டைப் பார்க்க ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டில் ஒரு கருவி செய்தோம். கம்ப்யூட்டரிலிருந்து அந்த போர்டுக்குள் புரோகிராமை ஏற்றுவதற்குத்தான் (ஃப்ளாஷ் செய்ய) இந்த ஸ்கிரிப்ட். புதுச்சேரியில் என் லினக்ஸில் அது ஜம்மென்று ஓடியது. குட்டைக்கரையில் நண்பரின் விண்டோஸ் லேப்டாப்பில் முதல் வரியிலேயே படுத்துவிட்டது.

தவறு என்னுடையதுதான். போர்டு செருகியிருக்கும் இணைப்புக்குக் கம்ப்யூட்டர் வைக்கும் பெயரை, அதாவது போர்ட் பெயரை, உள்ளேயே எழுதிவைத்திருந்தேன். எனக்கு டிடிஒய்யுஎஸ்பி0 என்று வரும் அதே போர்டு அவருக்கு காம்5. மேக்கில் அதற்கு வேறொரு நீளப் பெயர். அவ்வளவு ஏன், ஒரே லினக்ஸில் கேபிளைப் பிடுங்கிச் செருகினாலே 0 சில சமயம் 1 ஆகிவிடும். பெயரை நம்பாமல், பைசீரியல் என்ற பைத்தான் நூலகத்தை வைத்து யுஎஸ்பி அடையாள எண்ணைத் தேடுங்கள். மலிவு போர்டுகளில் யுஎஸ்பி இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் சிஎச்340 சிப்புக்குப் பெரும்பாலும் 1ஏ86:7523. இரண்டு போர்டு கிடைத்தால் ஸ்கிரிப்ட் தானாக ஒன்றைப் பிடிக்கக் கூடாது, கேட்க வேண்டும்.

அடுத்தது, கண்ணுக்கே தெரியாத எதிரி. விண்டோஸில் கிட் (கோடைச் சேமித்துப் பகிரும் கருவி) மூலம் எடுத்த ஃபோல்டரை நண்பர் அப்படியே ஜிப் செய்து அனுப்பினார். என் லினக்ஸ் 'பாஷ் என்று எதுவும் இல்லை' என்றது. ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்தான் பாஷ், அது இல்லாமல் எங்கே போகும்? முதல் வரியின் கடைசியில் விண்டோஸ் பாணி வரிமுடிவு ஒட்டியிருந்தது. அந்த ஒரு எழுத்தையும் சேர்த்துத்தான் லினக்ஸ் பாஷைத் தேடியிருக்கிறது. கிட்ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு எல்எஃப் (லினக்ஸ் பாணி வரிமுடிவு) என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது.

லினக்ஸில் 'அனுமதி இல்லை' என்றதும் ஸ்கிரிப்டுக்குள் சூடோ (நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) போடுவது சோம்பேறித்தனம். அப்புறம் புரோகிராமைத் தயாரிக்கும்போது உருவாகும் பில்ட் ஃபைல்கள் எல்லாம் ரூட், அதாவது நிர்வாகி, பெயருக்குப் போய்விடும். உபுண்டுவில் பயனரை, போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் போதும்.

மேக் தனிக்கதை. அதனுடன் வருவது 2006இல் வெளியான பாஷ் 3.2 வரிசை, அதில் அசோசியேட்டிவ் அரே (பெயரைச் சொல்லி மதிப்பை எடுக்கும் பட்டியல்) கிடையாது. ஃபைலில் எழுத்துகளை மாற்றும் செட் (sed) கட்டளையின் ஐ (-i) ஆப்ஷனும் அங்கே வேறு மாதிரி. என்னைக் கேட்டால், மூன்று ஷெல்லோடு மல்லுக்கட்டுவதை விட எல்லாவற்றையும் பைத்தானில் எழுதிவிடலாம். அதிலும் ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருக்கும் என்று நினைத்தே எழுதுங்கள். நண்பரின் ஃபோல்டர் பெயர் 'இறால் குட்டை புதுசு'.

இத்தனையும் சரிசெய்த பிறகும் அன்று போர்ட் தெரியவில்லை. சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள். உள்ளே டேட்டா வயரே இல்லை.