விளையாட்டு கிளப்பில் பாலியல் நலம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கபடியோ கால்பந்தோ வாலிபாலோ, பதின்வயதுப் பிள்ளைகள் அப்பா அம்மா சொல்வதைவிட கோச் சொல்வதைத்தான் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். வளரிளம் பருவத்து உடல் பற்றிப் பேச கிளப் நல்ல இடமாவது அதனால்தான். அங்கே காதில் விழும் தப்பான தகவலும் அதனாலேயே லேசில் போவதில்லை.

ஒரு டாக்டரைக் கூப்பிட்டு ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைப்பது முதல் தவறு. பரிசளிப்புக்கு முன்னால் அவர் அரை மணி நேரம் மைக்கில் பேசுவார், பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துச் சிரிப்பார்கள், கேள்வி உண்டா என்றால் ஒரு கையும் உயராது. கேள்வி வருவதெல்லாம் பின்னொரு நாள், பிராக்டிஸ் முடிந்து ஷூவைக் கழற்றும்போது. அப்போது பக்கத்தில் இருப்பவர் கோச். பயிற்சி கொடுக்க வேண்டியது அவருக்குத்தான். 2002-ல் ஜிம்பாப்வேயில் கால்பந்து வீரர்கள் சேர்ந்து தொடங்கிய கிராஸ்ரூட் சாக்கர் என்ற அமைப்பு, எச்.ஐ.வி. தடுப்புக்கு இந்த வழியைத்தான் பிடித்தது. அவர்களுடைய ஓர் ஆட்டத்தில் ஒவ்வொரு கூம்பும் ஓர் ஆபத்து. பந்தை உருட்டிப் போகும்போது கூம்பில் பட்டால் முதல் சுற்றில் பட்டவன் மட்டும் தண்டால் எடுப்பான். பிறகு கூட்டாளியும் சேர்ந்து எடுக்க வேண்டும், கடைசியில் மொத்த அணியும். "அவன் இடிச்சதுக்கு நான் ஏன் எடுக்கணும்?" என்ற இடத்தில் பேச்சு தொடங்கும். ஆடிவிட்டு அந்தப் பேச்சை விட்டால் மிஞ்சுவது தண்டால்தான்.

நம் ஊர் கிரவுண்டுகளில் அதிகக் கெடுதல் செய்வது விந்து பற்றிய பயம். ரெய்டு போய் மூச்சு வாங்கும் பையனிடம் "கைப்பழக்கம் இருந்தா ஸ்டாமினா போயிடும்டா" என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள். இத்தனை சொட்டு ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு சொட்டு விந்து என்ற கணக்கும் கூடவே வரும். இரண்டும் பொய். உடல் விந்தை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. தூக்கத்தில் வெளியேறுவதோ சுயஇன்பமோ தசை பலத்தைக் குறைப்பதில்லை. ஆனால் பயந்த பையனுக்குத் தூக்கம் கெடும், உடம்பு சோரும், அந்தச் சோர்வையே அவன் ஆதாரமாக எடுத்துக்கொள்வான். அப்புறம் லாட்ஜ் வைத்தியரிடம் காசைக் கொட்டுவான். "இது எல்லாருக்கும் நடக்கிறதுதான், ஆட்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை" என்று கோச் வாயால் கேட்டாலே பாதி பயம் போய்விடும்.

வெட்கத்தை அப்படியே விட்டுவைப்பது உறுப்பையே பறித்துவிடும். விரையில் திடீரென்று கடும் வலி, வீக்கம், கூடவே வாந்தி என்றால், அது உள்ளே முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றதாக இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடந்தால்தான் அதைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. சொல்லக் கூச்சப்பட்டு விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவன் அந்த நேரத்தை இழக்கிறான். தொடை இடுக்கு அரிப்பும் இப்படித்தான்: மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த கிரீமைத் தடவினால் படை இன்னும் பரவும்.

பெண்கள் அணியில் நடக்கும் பெரிய தவறு, மாதவிடாய் நின்றுபோனதைக் கடும் பயிற்சியின் அடையாளமாக, சில இடங்களில் வசதியாகக்கூட, எடுத்துக்கொள்வது. செலவாகும் சக்திக்கு ஏற்ப சாப்பிடாதபோது ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, மாதவிடாய் நிற்கிறது, எலும்பு பலம் இழந்து மயிரிழை முறிவு வரை போகிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதைத் தனிப் பிரச்சினையாக வரையறுத்தது. மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலும், 15 வயதாகியும் பூப்படையாவிட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். எடைப் பிரிவுக்காகப் பட்டினி போடும் கோச்சுக்கு இதை முதலில் சொல்லுங்கள். பையன்களுக்கும் மாதவிடாய் பற்றித் தெரியட்டும். கறை பட்ட ஷார்ட்ஸைப் பார்த்துச் சிரிப்பது அப்போதுதான் நிற்கும்.

"என்னிடம் சொல், யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்பதே செல்லாது. குற்றம் நடந்தது தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் இருப்பது தனிக் குற்றம். தனக்குக் கீழே இருப்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. "உனக்கு ஆபத்து என்றால் நான் சொல்லியாக வேண்டும், உன்னைத் தனியாக விடமாட்டேன்" என்று பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை உடை மாற்றும் அறைக் கதவில் எழுதி வையுங்கள்.

இந்தப் பாடத்தைச் சாக்காக வைத்துப் பிள்ளையைத் தனியறைக்கு அழைப்பதற்கும், ராத்திரி வாட்ஸ்அப்பில் பேசுவதற்கும் எந்தக் கோச்சுக்கும் இடம் தரக்கூடாது. பேச்சு மற்றவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நடக்கட்டும். மசாஜ் என்றால் இன்னொரு பெரியவர் கூட இருக்க வேண்டும். வெளியூர் டோர்னமென்டுக்குப் பெண்கள் அணியோடு ஒரு பெண் பொறுப்பாளர் போயே ஆக வேண்டும். ஆள் கிடைக்கவில்லையா, அந்த டோர்னமென்டை விட்டுவிடுங்கள்.