பைக் சத்தத்தில் காமெடி எடுத்த கதை

நாங்கள் மூன்று பேர், இரண்டு போன், ஒரு காலர் மைக். சென்னைக்கு வெளியே மண் தடத்தில் நடக்கும் மோட்டோகிராஸ் பைக் போட்டிகளில் குட்டிக் காமெடித் தொடர் எடுக்கிறோம். சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் முன்பு நடந்த ரேஸ் கதைகளை அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்த எனக்கு இது ஆசைக் காரியம்.

முதல் எபிசோடில் ஒரு பஞ்ச் கூடக் கேட்கவில்லை. கேமரா போனின் மைக் ஒரு மீட்டர் தள்ளி இருந்தது. பைக் நெருங்கும்போதெல்லாம் ஒலி உச்சத்தில் வெட்டுப்பட்டு உடைந்துபோனது. அப்படி உடைந்த ஒலியை எடிட்டிங்கில் முழுசாக மீட்க முடியாது.

அப்புறம் காலர் மைக்கை நடிகரின் சட்டைக்குள், வாயிலிருந்து ஒரு சாண் கீழே வைத்தோம். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். இரைச்சல் அப்படியேதான் இருக்கும். மைக்கின் மேல் பஞ்சு உறை போட்டதும் காற்றின் தொல்லையும் குறைந்தது. ரெக்கார்டிங் அளவை, கத்திப் பேசினாலும் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி இறக்கினோம் (பூஜ்யத்தைத் தாண்டினால்தான் ஒலி உடையும்). ஒலி தனிப் போனில் பதிவானதால், ஒவ்வொரு டேக்கிலும் முதலில் ஒரு கைதட்டல். அதை வைத்துப் படத்தோடு பொருத்தினோம்.

ஆனால் பெரிய உதவி வேறு. முதல் இரண்டு சுற்றில் பைக்குகள் கும்பலாகக் கடந்துவிடும், பிறகு கொஞ்ச நேரம் அமைதி. அதற்குள் வசனம். கடைசிச் சுற்றுகளில் வண்டிகள் சிதறிவிடுவதால் அந்த இடைவெளி கிடைக்காது. அப்போது முகபாவம் மட்டும் எடுப்போம். “மச்சான், கும்பல் போயிடுச்சு, பேசு!” என்பதுதான் இப்போது எங்கள் ஆக்‌ஷன்.