கறுப்பு ஆஷ் கூடை: தடி காய்ந்தால் விறகுதான்

இந்தக் கோடையில், வட அமெரிக்கப் பழங்குடியினரான அபெனாகி மக்களின் கூடை பின்னலைப் பழக வந்த நாலு பேரோடு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். ஆரம்பத்தில் நான் செய்த தப்புகளை ஒன்றுவிடாமல் செய்தார்கள். கத்தி கையில் படுவது, கீற்று முறிவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். மற்றவை ஆகாது.

தடியைக் காயவிடுவது

வெர்மாண்ட், நியூ ஹாம்ப்ஷயர், கியூபெக்கின் ஓடனாக் என்று அபெனாகி மக்கள் வாழும் இடங்களில் கூடைக்கென்றே தேடும் மரம் கறுப்பு ஆஷ். சதுப்பில் வளர்வது. மூங்கிலைப் போல இதைக் கத்தியால் பிளப்பதில்லை. தோலை உரித்துவிட்டு, கோடரியின் பின்பக்கத்தால் தடி நெடுக, இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். வசந்தத்தில் வளர்ந்த பகுதி துளை நிறைந்தது, அடி விழ விழ நசுங்கிவிடும். கோடையில் வளர்ந்த கெட்டிப் பகுதி, ஓர் ஆண்டு வளையத்துக்கு ஒரு கீற்றாக எழும்பி வரும். மரத்தில் ஈரம் இருக்கும்வரைதான் இது நடக்கும்.

என் முதல் தடியை வீட்டுக்குப் பின்னால், நிழலில்தானே இருக்கிறது என்று மூன்று வாரம் போட்டுவைத்தேன். அப்புறம் ஒரு பகல் முழுக்க அடித்தேன். தோள் வீங்கியதுதான் மிச்சம், வந்ததெல்லாம் சிராய். எனக்குக் கற்றுக்கொடுத்த அபெனாகிப் பாட்டி வந்து தடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது இனி விறகு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று முகம் கொடுக்க முடியாமல் நின்றேன்.

இந்த முறை வந்தவர்களில் ஒருவரும் அதையே செய்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆஷ் மரத்தில் குளுஸ்கபே என்ற புராண நாயகன் அம்பு எய்ய, அதிலிருந்து மனிதர்கள் வந்தார்கள் என்பது அபெனாகியரும் சேர்ந்த வபனாகி மக்களின் கதை. அந்த மரத்தைத்தான் இப்போது மரகத ஆஷ் துளைப்பான் என்ற பச்சை வண்டு அழிக்கிறது. 2002இல் மிச்சிகனில் கண்டுபிடித்தார்கள், 2018இல் வெர்மாண்டுக்கும் வந்துவிட்டது. நேரான, கணு இல்லாத ஒரு மரம் கிடைக்க எத்தனை நாள் சதுப்பில் நடக்க வேண்டும் தெரியுமா? வெட்டிய கையோடு அடியுங்கள். முடியாதா, குளத்திலோ ஓடையிலோ முழுக முழுகப் போட்டுவையுங்கள். அடிக்க நாள் குறிக்காமல் மரத்தை வெட்டவே வெட்டாதீர்கள்.

கீற்றைச் சீவாமல் விடுவது

நசுங்கிய நார் ஒட்டிக்கொண்டிருக்கும். சீவி எடுங்கள்.

பின்னிய அன்றே வாய் கட்டுவது

நனைந்த கீற்று அகலத்தில் ஊதியிருக்கும். நெருக்கமாகப் பின்னிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டு உடனே விளிம்பைக் கட்டினால், காய்ந்ததும் ஊடே விரல் நுழையும். நன்றாகக் காயவிட்டு, குறுக்குக் கீற்றுகளைக் கீழே தட்டி நெருக்கி, மேலே இன்னும் இரண்டு வரிசை ஏற்றி, அப்புறம் விளிம்பைக் கட்டுங்கள்.

வாசனைப்புல்

கூடையில் சேர்த்துப் பின்னும் இந்தப் புல்லை வேரோடு பிடுங்காதீர்கள்.