மேலே போகிற இரட்டை எஞ்சின் விமானத்துக்குப் பேர் சொல்வது எப்படி?

எனக்குத் தொழில் வள்ளத்து எஞ்சின் திருத்துவது. கடை மட்டக்களப்பு வாவிக் கரையோடு. எஞ்சின் சத்தம் எங்கே கேட்டாலும் தலை தானாக நிமிர்ந்துவிடும். யுத்தத்துக்குள் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு வானத்துச் சத்தத்தைப் பிரித்தறியும் காது வேறு காரணத்துக்காகவும் வந்தது, அதை விடுங்கள். கடைக்கு வரும் பொடியன்மார் "அண்ணே, இது என்ன பிளேன்?" என்று கேட்டபடியே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

நிறத்தைப் பார்க்காதீர்கள், பெயின்ட் எப்போதும் மாறலாம். அளவையும் நம்பாதீர்கள், உயரம் கண்ணை ஏமாற்றும். முதலில் எஞ்சினை எண்ணுங்கள். மூக்கில் ஒன்றே ஒன்று என்றால் அது பெரும்பாலும் செஸ்னா கரவான். சினமன் எயார் சுற்றுலாக்காரரை இங்கே ஏற்றி வந்தது அதில்தான். நல்ல விமானம், ஆனால் நாம் தேடுவது இரட்டை எஞ்சின்.

அடுத்தது செட்டை. செட்டை உடம்புக்குக் கீழே, வால் ஆங்கில 'T' எழுத்து மாதிரி இருந்தால் பீச்கிராஃப்ட் கிங் எயார். செட்டை மேலே, அந்தச் செட்டைக்கும் மேலே இரண்டு பெரிய எஞ்சின் ஏறிக் குந்தியிருந்தால் அன்டனோவ் 32. அது பாரம் சுமக்கிற சாமான், சத்தத்திலேயே தெரிந்துவிடும். இவற்றைக் கழித்தால் அநேகமாக மிஞ்சுவது மூன்று: வை-12, ட்வின் ஒட்டர், டோர்னியர் 228.

இந்த மூன்றையும் பிரிப்பது கால்தான். உயரத்தில் பறக்கும்போதும் சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தால் வை-12 அல்லது ட்வின் ஒட்டர். மடங்கி உள்ளே போயிருந்தால் டோர்னியர். காலை மடக்கினால் வேகம் கூடும். ஆனால் மடக்குகிற பொறிமுறைக்குப் பாரம் உண்டு, பராமரிப்பு உண்டு, பழுதும் உண்டு. மணலிலும் புல்லிலும் கல்லிலும் இறங்கப் போகிறவனுக்கு அந்தத் தொல்லை எதற்கு? கனடாவின் டி ஹவிலன்ட் கம்பனிக்காரர் அப்படித்தான் யோசித்திருக்க வேண்டும். அவர்களிடம் ஏற்கெனவே ஒற்றை பிஸ்டன் எஞ்சினோடு 'ஒட்டர்' என்ற விமானம் இருந்தது. அதன் உடம்பையும் செட்டையையும் நீட்டி, செட்டைக்கு ஒன்றாக இரண்டு பிடி-6 டர்பைன் எஞ்சின் பூட்டினார்கள். 1965 மே 20 இல் முதல் தடவை பறந்தது. 19 பேர் வரை ஏற்றும், ஓடுபாதை கொஞ்சம் இருந்தாலே போதும். சக்கரத்தைக் கழற்றி மிதவை போட்டால் கடலில் இறங்கும், சறுக்குக் கட்டை போட்டால் பனியில் இறங்கும். 2001 ஏப்ரலில், தென் துருவ ஆய்வு நிலையத்தில் நோயாகிவிட்ட டொக்டரை ஏற்றி வரப் போனதும் ட்வின் ஒட்டர்தான். மாலைதீவில் வேலை செய்கிற சொந்தக்காரர் இருந்தால் படம் அனுப்பச் சொல்லுங்கள். மிதவை போட்ட ட்வின் ஒட்டர் அங்கே நம்மூர் ஓட்டோ மாதிரி. பைலட்மார் வெறுங்காலோடு ஓட்டுவார்கள்.

ஆனால் மட்டக்களப்பு வானத்தில் சக்கரம் தொங்கினால் முதலில் வை-12 என்றே நினையுங்கள். சீனாவின் ஹார்பினில் செய்தது. இதற்கு மூத்தது வை-11, பிஸ்டன் எஞ்சின், சக்தி காணாது. அதைப் பெருப்பித்து, கனடாவில் செய்கிற அதே பிடி-6 ஐ வாங்கிப் பூட்டி 1982 இல் பறக்கவிட்டார்கள். ஆட்களை ஏற்றினால் 17 பேர். இலங்கை விமானப்படையிடம் எண்பதுகளிலிருந்தே இருக்கிறது, விமானப்படையின் பயணிகள் சேவையான ஹெலிடுவர்ஸிலும் ஓடியது. 2020 ஜனவரி 3 இல் அப்புத்தளையில் நான்கு பேரோடு விழுந்ததும் இந்த வகைதான். பலருக்கு அந்தச் செய்தியில்தான் பேரே தெரியவந்தது.

ட்வின் ஒட்டரோடு குழப்பாமல் இருக்க வயிற்றைப் பாருங்கள். வை-12 க்கு வயிற்றின் இரு பக்கமும் கட்டையாக ஒரு குட்டிச் செட்டை நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரக் கால் அதிலிருந்து இறங்கும், பெரிய செட்டையைத் தாங்குகிற சாய்வு முட்டும் அதிலிருந்துதான் ஏறும். வாலுக்கு அடியிலும் மீன் செட்டை மாதிரி ஒரு தகடு. இந்த இரண்டும் ட்வின் ஒட்டரில் இல்லை.

டோர்னியருக்கு முட்டே கிடையாது. செட்டை நுனி கூராகச் சரிந்திருக்கும். ஜெர்மன்காரர் 1981 இல் பறக்கவிட்டது, இந்தியாவில் கான்பூரில் எச்ஏஎல் என்ற விமானக் கம்பனி செய்கிறது. 2022 ஆகஸ்ட் 15 இல் இந்தியா நமக்கு ஒன்று தந்தது, கடல் கண்காணிப்புக்கு. ஆகவே கரையோரமாக, கடலைப் பார்த்தபடி போகிறதென்றால் இதன் மேலும் சந்தேகம் வையுங்கள்.

எனக்குப் பிடித்த சோதனை நிலத்தில் நிற்கும்போது செய்வது. நிறுத்திய விமானத்தின் புரொப்பெல்லரைப் பாருங்கள். பிளேட் ஒவ்வொன்றும் திரும்பி, முன்னாலிருந்து பார்க்க ஒல்லியான விளிம்பு மட்டும் தெரிந்தால் பிடி-6. எஞ்சினை நிறுத்தி எண்ணெய் அழுத்தம் போனதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிளேட்டை அப்படித் திருப்பிவிடும். பிளேட்டின் முழு அகலமும் உங்களைப் பார்த்தால் டோர்னியரில் இருக்கிற கரட் எஞ்சின். ஸ்டார்ட் பண்ணும்போதும் வித்தியாசம் உண்டு. கரட்டில் எஞ்சின் தண்டும் புரொப்பெல்லரும் ஒன்றோடொன்று பூட்டியிருப்பதால் எஞ்சின் அசைந்த உடனே புரொப்பெல்லரும் சுற்றும், நிலத்தில் காதைக் கிழிக்கும். பிடி-6 இல் இரண்டுக்கும் நடுவே இரும்புத் தொடர்பு இல்லை, சூட்டுக் காற்றுத்தான் தள்ளுகிறது. முதலில் உள்ளே கூவல் ஏறும், பிறகுதான் புரொப்பெல்லர் சோம்பலாக அசையும். இன்னொன்று, பிடி-6 க்குக் காற்று பின்பக்கத்தால் புகுந்து புகை முன்பக்கத்தால் வரும். அதனால் புகைக்குழாய் புரொப்பெல்லருக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கும், அங்கிருந்து எஞ்சின் மூடி நெடுகக் கரி படிந்திருக்கும். நல்ல பைனாகுலர் இருந்தால் பறக்கும்போதே பிடிபடும்.

பார்க்க நல்ல இடம் வலையிறவுப் பக்கம், வெள்ளன, வெயில் ஏறமுன். விமான நிலையத்தோடு விமானப்படை முகாமும் இருக்கிறது. வேலிக்குக் கிட்டப் போய் கமராவை நீட்டி வில்லங்கத்தை வாங்காதீர்கள், கண்ணே போதும். ஃபோன் செயலியில் தேடினால் படை விமானங்கள் பெரும்பாலும் காட்டாது. சின்னக் கொப்பி ஒன்றில் நேரம், கால், முட்டு, வால் என்று நாலு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பேரைக் கடைசியில் எழுதுங்கள். பேரை முதலில் எழுதினவன் அதற்கேற்ற காலைத்தான் காண்பான்.